வேகவைத்தாயா, அப்படியே சாப்பிட்டாயா?

ஜனவரி 9

மருமகளுக்கு,

குசலம் விசாரிச்சு எழுத எனக்கு வராது. நேரா விஷயத்துக்கு வர்றேன். நீ முழுகாம இருக்கேன்னு என் மகன் கப்பல்லேருந்து எழுதித்தான் எனக்குத் தெரியுது. இன்ஜின் ரூம்ல வெந்துக்கிட்டு இருக்கிறவனுக்கு ரெண்டு வரி எழுத நேரம் இருக்கு. நிலத்துல, கண்ணாடிக் கடையில நாற்காலி போட்டு உட்கார்ந்து ஊராருக்குக் கண் பார்க்கிற உனக்கு இல்லை.

போன் பண்ணியிருக்கலாமேன்னு கேட்க மாட்டேன். மீனுக்குப் புகை போடுற நம்ம கூடத்து விசிறி பக்கத்துல நின்னு நின்னு என் காது போனது உனக்குத் தெரியும். போனில் எல்லாரும் எனக்குக் கொசுவாத்தான் கேட்கிறாங்க. கடிதம்னா நல்லது. யார் கத்தினாலும் சத்தம் வராது.

கிளம்புற அன்னைக்கு வாசல்ல நின்னு, “இந்த வீட்டுத் தலையணையிலகூடப் புகை நாத்தம்”னு நீ சொன்னதை நான் மறக்கலை. அந்த நாத்தத்துலதான் உன் வீட்டுக்காரன் படிச்சான்னு நான் சொன்னதை நீயும் மறந்திருக்க மாட்டே. கிடக்கட்டும். வயித்துல இருக்கிறது ரெண்டையும் கேட்கலை.

குளிர்பெட்டி வண்டியில ஒரு பார்சல் வருது. இளம்புகை மீன். நீ இங்கே இருந்த காலத்துல கூடத்துப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை, அதனால சொல்றேன். சூடுபுகைன்னா தீ கீழே, மீன் மேலே, மீன் வெந்துடும். இளம்புகையில தீ ஒரு அறையில, மீன் இன்னொரு அறையில, நடுவுல குழாய். புகை ஆறிப்போய் வந்து மீனைத் தடவிட்டுப் போகும். வேகாது. பட்டு மாதிரி நிக்கும். மெல்லிசாச் சீவி, காத்தை உறிஞ்சி, பையில ஒட்டியிருக்கேன். பையைப் பிரி, ரொட்டி மேல வை, சாப்பிடு. பிள்ளைக்கு மூளை நல்லா வளரும். அடுப்புப் பக்கம் மட்டும் கொண்டுபோயிடாதே.

அத்தை


ஜனவரி 20

அத்தைக்கு,

பார்சல் பத்திரமாக வந்து சேர்ந்தது. நன்றி. நானே முதலில் எழுதியிருக்க வேண்டும். ஆறாம் மாதம் நடக்கிறது. நல்லபடியாகத் தாண்டட்டும், பிறகு எழுதலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

மீனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் கோபப்படுவீர்கள். கோபப்பட்டு முடித்துவிட்டு மேலே படியுங்கள்.

இங்கே பிரசவ ஆஸ்பத்திரியில் மாதாமாதம் என்னைப் பார்க்கிற நர்ஸிடம் உங்கள் பையைக் காட்டிக் கேட்டேன். மீன் ரொம்ப நல்லது, டப்பாவில் அடைத்த புகைமீன் என்றால் பயமே இல்லை என்றார். ஆனால் ஃபிரிட்ஜில் வைக்கிற இளம்புகை மீனைக் கர்ப்பிணிகள் பிரித்து அப்படியே சாப்பிடக் கூடாதாம். உள்வரைக்கும் ஆவி பறக்க வேகவைத்தால் சாப்பிடலாமாம். ஒரு கிருமி இருக்கக்கூடுமாம். உப்பிலும் சாகாதாம், ஃபிரிட்ஜ் குளிரிலும் வளருமாம். தாய்க்கு ஏதோ ஜலதோஷம் மாதிரி வந்து போய்விடும், வயிற்றில் இருக்கிறதைத்தான் பிடிக்கும் என்றார்.

ஆகவே உருளைக்கிழங்கோடு போட்டுக் கொதிக்கவைத்துச் சாப்பிட்டேன். நன்றாகவே இருந்தது.

முதல் கர்ப்பம் உங்கள் வீட்டுக் குளியலறையில் எப்படிப் போயிற்று என்று உங்களுக்குத் தெரியும். இந்தத் தடவை யாருடைய மனம் கோணாமல் இருப்பதற்காகவும் நான் எதையும் செய்வதாக இல்லை.

புகை நாற்றம் என்று வாசலில் நின்று சொன்னது தப்பு. பொய் இல்லை, ஆனால் தப்பு.

மருமகள்


ஜனவரி 29

மருமகளுக்கு,

உருளைக்கிழங்கோடயா!

கோபப்பட்டு முடிச்சுட்டு மேலே படிக்கச் சொன்னே. இன்னும் முடியலை, அப்படியே எழுதுறேன். உன் கடிதத்தைக் கணக்குப்பிள்ளைகிட்டக் காட்டினேன். பாவம், அந்த மனுஷன் பேனாவை மூடி வச்சுட்டார். இளம்புகை மீனைக் கொதிக்க வைக்கிறது பட்டுத்துணியைக் கல்லுல அடிச்சுத் துவைக்கிற மாதிரி.

அந்த நர்ஸம்மா பிறந்ததுலேருந்து எத்தனை மீனைக் கையில தொட்டிருப்பா? நான் தலையில கூடை வச்சுத் தெருத்தெருவா வித்தவ. கதவைத் திறக்கிறவ முகத்தைப் பார்த்தே இவ வாங்குவாளா, பேரம் மட்டும் பேசுவாளான்னு சொல்லிடுவேன். மீனும் அப்படித்தான். ஒரு மீன் நாளைக்குக் கெடப்போகுதுன்னா இன்னைக்கே என் மூக்கு சொல்லிடும். ஒவ்வொரு ஈடும் கூடத்துலேருந்து இறங்கினதும், கழுத்துப் பக்கம் தடிப்பான இடத்துல ஒரு துண்டு சீவி முதல்ல நான்தான் வாயில போடுவேன். நான் மென்னு முழுங்கித் தலையை ஆட்டினாத்தான் மீதி பைக்குள்ள போகும். நான் தின்னாத மீனை ஊருக்கு வித்ததே இல்லை. அதுதான் என் கடைச் சட்டம்.

அந்தம்மாவுக்கு மூக்கு பத்தாது, காகிதம் வேணும். சரி. இந்த வார ஈட்டுலேருந்து ரெண்டு பையைப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பியிருக்கேன். “இதுல என்ன கிருமி இருக்குன்னு பார்த்துச் சொல்லுங்க”ன்னு. சுத்தம்னு காகிதம் வரும். உனக்கு அனுப்புறேன், கொண்டுபோய் அந்தம்மா மேஜையில வை.

அதே ஈட்டுலேருந்து ஒரு பை உனக்கும் வருது. வேகவைக்கிறதும் வைக்காததும் உன் இஷ்டம். வேகவச்சா எனக்கு எழுதாதே, அவ்வளவுதான்.

குளியலறையைப் பத்தி எழுதியிருந்தே. அன்னைக்கு நீ உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கிட்டே. நான் கதவுக்கு வெளியேதான் நின்னுக்கிட்டிருந்தேன். நீ அழுதிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது. அதனால கதவுல கையை வச்சுக்கிட்டு நின்னேன், அசைவு ஏதாவது தெரியுமான்னு.

அத்தை


பிப்ரவரி 10

அன்புள்ள அத்தை,

முதலில் உங்கள் கண் விஷயம். உங்கள் கடிதத்தில் ஒவ்வொரு வரியும் இடப்பக்கம் நிமிர்ந்து தொடங்கி வலப்பக்கம் போகப்போகச் சரிந்து விழுகிறது. எங்கள் கடையில் இப்படி எழுதுகிறவர்கள் யார் வந்தாலும் கண்ணாடியை மாற்றச் சொல்லிவிடுவேன். உங்கள் பழைய கண்ணாடியைச் செய்து கொடுத்தது நான்தானே, அளவு எனக்கு மறக்கவில்லை. வயதுக்குக் கொஞ்சம் கூட்டிப் புதிதாகச் செய்து இதோடு அனுப்புகிறேன். எனக்கு என்ன வயதாகிவிட்டது என்று கேட்காதீர்கள். காகிதத்தை எவ்வளவு தூரத்தில் வைத்துப் படிக்கிறீர்கள் என்று பாருங்கள்.

நீங்கள் கதவுக்கு வெளியே நின்றது எனக்குத் தெரியாது அத்தை. நீங்கள் கூடத்துக்குப் போய்விட்டீர்கள், அன்றைக்கு மீன் இறங்குகிற நாள், அதுதான் உங்களுக்குப் பெரிது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இத்தனை காலமும் அதை நினைத்துத்தான் உங்களோடு பேசாமல் இருந்தேன். புகை நாற்றம் என்றது சும்மா. சொல்ல வேண்டியது அது இல்லை.

அவரும் எழுதியிருந்தார். “அம்மா சந்தையில் பார்க்கிறவர்களிடமெல்லாம், என் மருமகள் என் மீனைத்தான் சாப்பிடுகிறாள் என்று சொல்லிக்கொண்டு திரிகிறாளாம், நீ உருளைக்கிழங்கில் போட்ட கதையை யாருக்கும் சொல்லவில்லையாம்” என்று. படித்துச் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

நேற்று உங்கள் இரண்டாவது பையைப் பிரித்தேன். பழக்கத்தில் அடுப்பைப் பற்றவைக்கக் கை போயிற்று. வைக்கவில்லை. நீங்கள் சொன்னபடியே, அப்படியே சாப்பிட்டேன். ரொட்டிகூட எடுக்கவில்லை. சமையலறையில் நின்றுகொண்டே பாதிப் பையைத் தின்று தீர்த்தேன். அவ்வளவு நன்றாக இருந்தது அத்தை. இத்தனை வருஷம் இதை நாற்றம் என்று சொல்லிக்கொண்டிருந்தேனே. உள்ளே இருக்கிறதும் ஒரு உதை விட்டது. உங்கள் பக்கம்தான் சேரும் போலிருக்கிறது.

நர்ஸிடம் சொல்லப்போவதில்லை. இது உங்களுக்கும் எனக்கும் உள்ள சமாதானம். எனக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது, சாப்பிடத் தெரியும்.

மருமகள்


பிப்ரவரி 12

அம்மாடி,

காகிதம் வந்தது. கிருமி இருக்கு.

கணக்குப்பிள்ளையை விட்டு நீ வேலை பார்க்கிற கடைக்குப் போன் போட வச்சதும் நான்தான். பக்கத்துல நின்னு அவர் உதட்டையே பார்த்துக்கிட்டிருந்தேன். “அந்தப் பையைத் தூக்கிப் போட்டுடுங்கம்மா”ன்னு கத்தினார். அந்தப் பக்கம் நீ என்னமோ சொன்னே. அவர் என் பக்கம் திரும்பி, “சாப்பிட்டாச்சாம்”னார். “வேகவச்சா, அப்படியேவா? கேளுய்யா!”ன்னு நான் கத்துறதுக்குள்ள இணைப்பு போச்சு. திரும்பப் போட்டா, நீ கைப்பையை எடுத்துக்கிட்டு வெளியே ஓடிட்டேன்னு கடையில சொல்றாங்க. முக்கியமான ஒரு கேள்வியைக் கேட்கத் தெரியலை அந்த மனுஷனுக்கு. அவரைத் திட்டி என்ன பிரயோஜனம், அவர் அழுதுட்டார்.

பரிசோதனைக்கூடத்துக்காரர் நேர்லயே வந்தார். எனக்குப் புரியணும்னு மெதுவா உதட்டை அசைச்சுச் சொன்னார். “நான் தின்னு பார்த்தேனே, எனக்கு ஒண்ணும் ஆகலையே”ன்னேன். “உங்களுக்கு ஆகாம இருக்கலாம்மா”ன்னார். “மூக்குல தெரியாதா?”ன்னேன். “இது நாறாது, கசக்காது, நிறம் மாறாது. கிருமி இருக்கிற மீனையும் இல்லாத மீனையும் பக்கத்துல பக்கத்துல வச்சா உங்களாலயும் சொல்ல முடியாது, என்னாலயும் முடியாது”ன்னார். அப்புறம் ஒவ்வொரு இடமாப் பஞ்சால துடைச்சு எடுத்துட்டுப் போனார். சீவுற மெஷின்ல கத்திக்குப் பின்னாடி ஒரு தகடு. அதைக் கழட்டினதும் உள்ளே வழவழன்னு இருந்துச்சு. மெஷினைத் தினமும் கழுவுறோம். தகட்டைக் கழட்டிக் கழுவணும்னு யாருக்கும் தோணலை. எனக்கும் தோணலை. மீன்ல வராம இரும்புல வந்திருக்கு.

கடைகளுக்குப் போன எல்லாப் பையையும் திருப்பி எடுக்கச் சொல்லி ஆள் அனுப்பியாச்சு. அது என் பாடு. உன் பாடு இதுதான்: உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. அந்த நர்ஸம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லு. என்னைத் திட்டினா திட்டட்டும். காய்ச்சல், உடம்பு வலி, எது வந்தாலும் சும்மா ஜலதோஷம்தான்னு இருந்துடாதே.

அப்புறம் எனக்கு ஒரு வரி எழுது. வேகவச்சேன்னு எழுது. என் பேச்சை நீ என்னைக்குக் கேட்டிருக்கே? கொதிக்க வைக்காதேன்னேன், உருளைக்கிழங்கோட போட்டே. வீட்டை விட்டுப் போகாதேன்னேன், போனே. இந்தத் தடவையும் கேட்டிருக்க மாட்டே. அதை நம்பித்தான் உட்கார்ந்திருக்கேன்.

அத்தை


பிப்ரவரி 17

அம்மாடி,

நீ பத்தாம் தேதி எழுதின கடிதமும் கண்ணாடியும் இன்னைக்குத்தான் வந்தது.

கண்ணாடியைப் போட்டுக்கிட்டேன். பொடி எழுத்துகூடப் பளிச்சுன்னு தெரியுது. அதைப் போட்டுக்கிட்டு முதல்ல படிச்சது உன் கடிதத்தைத்தான்.

நீங்கள் சொன்னபடியே, அப்படியே.

வேற எழுத வரலை.

அத்தை


பிப்ரவரி 24

அத்தை,

அன்று போன் வந்ததும் நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடினேன். நர்ஸ் என்னைத் திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்து, “எப்போது, எவ்வளவு?” என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும்.

டாக்டர் சொன்னது இவ்வளவுதான். சாப்பிட்ட எல்லாருக்கும் வராது, பெரும்பாலும் வராமலே போய்விடும். காய்ச்சல் இல்லாதவரை செய்ய ஒன்றும் இல்லை. வந்தால் அந்த நிமிஷமே வர வேண்டும், ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள், முடிவுக்குக் காத்திராமல் ஊசி வழியாக மருந்து ஏற்றுவார்கள். “எத்தனை நாள் பார்க்க வேண்டும்?” என்றேன். இரண்டு மாதம் வரைக்கும்கூட வரலாமாம். “நான் இப்போது என்ன செய்யட்டும்?” என்றேன். “சாதாரணமாக இருங்கள்” என்றார். அந்த ஆளுக்குக் கல்யாணமாகி இருக்குமா என்று தெரியவில்லை.

சாதாரணமாக இருக்கிறேன். காலையில் காய்ச்சல் பார்க்கிறேன். கடையில் ஒருவருக்குக் கண் பார்த்து அனுப்பிவிட்டு அடுத்தவர் உட்காருவதற்குள் தெர்மாமீட்டரை நாக்குக்கு அடியில் வைக்கிறேன். “இந்தக் கண்ணாடியில் தெளிவாக இருக்கிறதா, அதிலா?” என்று கேட்க வேண்டும், வாயில் குழாயோடு கேட்க முடியவில்லை, கையால் காட்டினேன். வந்தவர் எழுந்து போய்விட்டார். பிள்ளை அசைந்தால் பயம், எதற்கு இப்படி அசைகிறது என்று. அசையாவிட்டால் கேட்கவே வேண்டாம்.

உங்கள் மேல் கோபப்பட உட்கார்ந்தேன். பையைப் பிரித்தது என் கை. என் மேல் கோபப்பட உட்கார்ந்தால், கடைச் சட்டம் என்று நீங்கள் எழுதிய வரி கண்ணெதிரே வருகிறது. நர்ஸ் சரியாகத்தான் சொன்னார். நானும் சரியாகத்தான் கேட்டேன். ஒரே ஒரு நாள் நல்ல மருமகளாக இருந்து பார்க்கலாம் என்று ஆசைப்பட்டேன். அதற்கு இது.

இது உங்களைக் குத்தும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். அடித்துவிட்டு வேறு எழுதலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

நீங்கள் கிளம்பி வர வேண்டாம். ஒரு தெர்மாமீட்டரை இரண்டு பேர் பார்த்தால் அது இறங்கிவிடாது.

மருமகள்


மார்ச் 5

அம்மாடி,

குத்துச்சு. குத்தட்டும். அடிக்காம விட்டதுக்குச் சந்தோஷம். பூசி மெழுகி எழுதியிருந்தா நான் பயந்திருப்பேன்.

வரட்டுமான்னு ரெண்டு தடவை எழுதிக் கிழிச்சேன். அதுக்குள்ள வேண்டாம்னு நீயே எழுதிட்டே. பெட்டியை மட்டும் கட்டி வாசல் பக்கம் வச்சிருக்கேன். கால்ல இடிச்சுக்கிட்டே இருக்கு, இருக்கட்டும்.

இங்கே நடந்ததைச் சொல்றேன். அந்த மெஷினை வித்துடலாம்னார் கணக்குப்பிள்ளை. இன்னொருத்தன் தலையில கட்டுறதான்னு கேட்டேன். பிரிச்சுப் போட்டு இரும்புக்குத் தள்ளியாச்சு. புது மெஷின், தகடே இல்லாதது. வாராவாரம் பரிசோதனைக்கூடத்துக்காரர் வந்து துடைச்சு எடுத்துட்டுப் போறார். இப்போ சுத்தமாம். போன மாசம் நான் ஆசைப்பட்ட காகிதம் இப்போ வந்திருக்கு, முத்திரையெல்லாம் குத்தி. அதை வச்சு நான் என்ன பண்ண?

கடை முகப்புல பலகை எழுதி மாட்டியிருக்கேன்: “முழுகாம இருக்கிற பெண்கள் இளம்புகை மீனை அப்படியே சாப்பிடக் கூடாது. ஆவி பறக்க வேகவச்சுத்தான் சாப்பிடணும்.” எதிர்க்கடைக்காரன் வந்து பார்த்துட்டு, “சொந்தக் கடைக்கு நீயே பூட்டுப் போட்டுக்கிறியே”ன்னு சிரிச்சான். “உன் மருமகளுக்கு மாசம் ஆகட்டும், அப்போ வா”ன்னேன். சிரிப்பு போயிடுச்சு. சாபம் மாதிரி ஆயிடுச்சேன்னு அப்புறம் அவன் வீட்டுக்கே போய், மனசுல வச்சுக்காதேன்னு சொல்லிட்டு வந்தேன்.

நேத்து ஒரு பொண்ணு வந்தா. வயித்தைத் தள்ளிக்கிட்டு, முகமெல்லாம் வேர்வை. இளம்புகை வேணும்னா. “வேகவைப்பியா?”ன்னு கேட்டேன். “ஏன், இதை அப்படியேதானே சாப்பிடுவாங்க?”ன்னா. நான் போட்ட சத்தத்துல சந்தையே திரும்பிப் பார்த்துச்சு. அந்தப் பொண்ணு அழுதுடுச்சு. டப்பா மீனைக் கையில திணிச்சு அனுப்பினேன். போனவ திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டே போனா, பைத்தியக்காரியைப் பார்க்கிற மாதிரி.

பார்த்தியா, என்னால முடிஞ்சதையெல்லாம் பண்றேன். அதுல ஒண்ணும் உனக்கு உதவாது. எத்தனையோ தடவை சரக்கு நடுவழியில மாட்டியிருக்கு. யாரையாவது பிடிச்சு, கெஞ்சி, மிரட்டி, ராத்திரியோட ராத்திரியா மீட்டிருக்கேன். இதுல பிடிக்க ஆள் இல்லை. யார்கிட்டப் போய்ப் பேரம் பேச?

உன் வீட்டுக்காரனுக்குக் கப்பல் கம்பெனி மூலமாச் சொல்லி அனுப்பியாச்சு. நடுக்கடல்ல இருக்கானாம். துறைமுகம் வந்தாத்தான் இறங்க முடியுமாம்.

இன்னைக்குக் காய்ச்சல் இல்லைன்னு மட்டும் எழுது. அந்தக் கடிதம் வர்றதுக்குள்ள அது பழைய சேதி ஆயிடும், எனக்குத் தெரியும். இருந்தாலும் எழுது.

அத்தை


மார்ச் 14

அத்தை,

இன்றைக்குக் காய்ச்சல் இல்லை.

பெட்டியை வாசலிலிருந்து எடுத்து உள்ளே வையுங்கள், விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்ளப் போகிறீர்கள். நீங்கள் சத்தம் போட்ட பெண்ணை நினைத்துச் சிரித்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு. எனக்குப் பதிலாக அவளாவது திட்டு வாங்கினாளே.

நர்ஸிடம் உங்கள் பலகையைப் பற்றிச் சொன்னேன். “உங்கள் மாமியாரை எனக்குப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது” என்றார். அவரும் உங்களையும் என்னையும் போலத்தான், முகத்துக்கு நேரே சொல்லுகிற ஜாதி. ஒத்துப்போவீர்கள், இல்லாவிட்டால் ஆஸ்பத்திரியே இரண்டாகும்.

இரண்டு மாதத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. நேற்று முதல்முறையாகச் சின்னச் சட்டை ஒன்று வாங்கினேன். வாங்கியதும் பயந்துபோய் அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன்.

மருமகள்


மார்ச் 18

அத்தை,

காலையிலிருந்து முதுகு வலி. நேற்றுக் கடைக்கு வந்தவர் ஒருவர் தும்மிக்கொண்டே இருந்தார், அதனால்தான் என்று நினைத்தேன். நீங்கள் எழுதியது நினைவுக்கு வந்தது. தெர்மாமீட்டரை வைத்தேன். ஏறியிருக்கிறது.

ஆட்டோ வரச் சொல்லியிருக்கிறேன். அது வரும்வரை எழுதுகிறேன். கடை முதலாளி உங்கள் கணக்குப்பிள்ளைக்குப் போன் செய்வார். இந்தக் கடிதம் வருவதற்குள் உங்களுக்குத் தெரிந்துவிடும், பிறகு எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

வர வேண்டாம் என்று எழுதினேனே. வாருங்கள்.


மார்ச் 22, ஆஸ்பத்திரி

அம்மாடி,

வந்துட்டேன். உன் வார்டு வாசல்ல, பச்சைக் கதவுக்கு வெளியே நிக்கிறேன். காய்ச்சல் முழுசா இறங்குற வரைக்கும் யாரையும் உள்ளே விடமாட்டாங்களாம். நர்ஸம்மாதான் இந்தச் சீட்டைக் கொண்டு வர்றா. உன் நர்ஸம்மாவேதான்.

காகிதத்தை அவ மேஜையில வைக்கச் சொன்னேனே. முத்திரை குத்தின அந்தக் காகிதம் என் பையிலதான் இருக்கு. வெளியே எடுக்கலை. அவளைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டேன். அவ என் கையைப் பிடிச்சு இறக்கிவிட்டா.

நேத்தே பிறந்துடுச்சுன்னு சொன்னாங்க. பொண்ணாம். நீ எப்படி இருக்கே? அதை முதல்ல எழுது.

அத்தை


அதே சீட்டின் பின்பக்கம்

அத்தை,

எனக்கு ஒன்றும் இல்லை. நர்ஸ் சொன்னபடியேதான், ஜலதோஷம் மாதிரி வந்து போகிறது. கையில் ஊசி இருக்கிறது, எழுத்து கோணுகிறது. இப்போது உங்கள் வரி மாதிரி என் வரியும் சரிகிறது பாருங்கள்.

அவளை எனக்குக் காட்டவில்லை. அழுதாளா என்றுகூடத் தெரியவில்லை, கொண்டுபோய்விட்டார்கள். ஏழு மாதம்தானே. அவளுக்கும் மருந்து ஏறுகிறது என்கிறார்கள். கேட்டால் எல்லாரும், “பார்க்கலாம், பார்க்கலாம்” என்கிறார்கள். என் கண்ணைப் பார்த்துச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

நீங்கள் போய்ப் பாருங்கள். நர்ஸிடம் கெஞ்சியிருக்கிறேன், கூட்டிப்போவார். பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள். ஆறுதல் வேண்டாம். கூடையில் கிடக்கிற மீனைப் பார்த்து இது நிற்கும், இது நிற்காது என்று ஒரே பார்வையில் சொல்வீர்களே, அப்படிச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் நம்புவேன்.


மார்ச் 22, மாலை

கண்ணு,

பார்த்துட்டு வந்தேன்.

முழங்கை வரைக்கும் கழுவச் சொன்னா நர்ஸம்மா. கழுவினேன். மோந்து பார்த்துட்டு மறுபடியும் கழுவுனா, அவளே தேய்ச்சு. புகை வாசம் போகலை. எத்தனை வருஷத்துப் புகை, போகாதுன்னேன். “அது ஒண்ணும் பண்ணாது, வாங்க”ன்னா.

கண்ணாடிப் பெட்டிக்குள்ள கிடக்கா. என் முழங்கை நீளம்கூட இல்லை. தோல் சிவப்பா, மெல்லிசா, உள்ளே ஓடுற நரம்பெல்லாம் தெரியுது. மூக்குல குழாய். கால்ல ஊசி. தலையில யாரோ ஒரு குல்லா போட்டிருக்காங்க, அது பெரிசா இருக்கு, கண்ணு மேல இறங்கி இறங்கி விழுது. நர்ஸம்மா ஏத்தி ஏத்தி விடுறா. நெஞ்சு ஏறி இறங்குது. சில நேரம் நிதானமா, சில நேரம் விட்டு விட்டு. விட்டு விட்டு வர்றப்போ பக்கத்துல இருக்கிற மெஷின் கத்துதாம், எனக்குக் கேட்கலை, எல்லாரும் திரும்பிப் பார்க்கிறதை வச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். உன் மூக்குதான். உன் வீட்டுக்காரன் நெத்தி.

நீ கேட்டதுக்கு வர்றேன். நீ செஞ்சு கொடுத்த கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, குனிஞ்சு, முகத்தைப் பெட்டியோட ஒட்ட வச்சுப் பார்த்தேன். பளிச்சுன்னு எல்லாம் தெரிஞ்சுது, கண்ணாடியில ஒரு குத்தமும் இல்லை. ரொம்ப நேரம் பார்த்தேன். நர்ஸம்மா போதும்னு சொல்ற வரைக்கும் பார்த்தேன்.

எனக்குத் தெரியலைம்மா.

இது நிக்கும்னு சொல்ல எனக்கு வாய் வரலை. நிக்காதுன்னும் வரலை. அன்னைக்கு அந்த மீனைத் தின்னு தலையை ஆட்டின மாதிரி இன்னைக்கு என்னால தலையை ஆட்ட முடியாது. நர்ஸம்மாவைக் கேட்டேன். என் முகத்துக்கு நேரா, நான் உதட்டைப் படிக்கிற மாதிரி மெதுவா, “எனக்கும் தெரியலை”ன்னா.

இந்தச் சீட்டைக் கொடுத்தனுப்பிட்டு உன் வாசலுக்கே வந்துடுவேன். பச்சைக் கதவு. நீ கூப்பிட்டா எனக்குக் கேட்காது. கதவுல கையை வச்சுக்கிட்டுத்தான் நிப்பேன். போயிட்டேன்னு இந்தத் தடவை நினைச்சுக்காதே.

அத்தை